வரிச்சிக்குடிக்காரரின் குழந்தை ரத்தம்

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்த டாக்டர் ஒருவருக்கு, கிராமத்துப் பெண்களிடம் பேச உள்ளூர்ப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். சத்து மாத்திரை தின்றும் வெளிறியே கிடக்கிற பிள்ளைகளை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் சொற்களைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கும். ஆனால் மண்ணீரல் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஓர் ஊரில் கட்டி என்றார்கள், இன்னோர் ஊரில் ஈரக்கொலை என்றார்கள். ஈரக்கொலைக்குள் நெஞ்சிலிருந்து தொப்புள் வரை எல்லாமே அடக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய என் பெரியப்பா மட்டும் "அதுக்குப் பேரு ராத்" என்று பிரெஞ்சுப் பெயரை அடித்துச் சொன்னார். ஆளுக்கொரு பெயர் சொன்னால் ஓர் ஊர்ப் பதிலை இன்னோர் ஊர்ப் பதிலோடு எப்படி ஒப்பிடுவது? "இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் கட்டியாகத் தட்டுப்படுகிறதா?" என்று எல்லா ஊருக்கும் ஒரே கேள்வியாக வைத்துக்கொண்டோம்.

அந்தக் கேள்வியே வினையாகப் போனது. விலா, வயிறு என்று நான் வாயெடுத்ததும் பெண்கள் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்புகளை அவர்கள் மறந்திருக்கவில்லை. டாக்டர் வேறு மரபணு மரபணு என்று விளக்கப் போக, ஒரு பெரியவர், "அணுன்னா? பாலைவனத்துல வெடிச்சாங்களே, அதுவா?" என்று கேட்டுவிட்டு ரத்தம் கொடுக்காமலே நடையைக் கட்டினார்.

கொடுத்தவர்களில் ஒருவர் வரிச்சிக்குடியில் டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் பெண் குழந்தை கொஞ்சம் வெளிறியிருந்தாள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் எடுத்தோம். பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு ஒரு வகை ரத்தம் ஊறும், பிறந்த சில மாதங்களில் அது நின்று பெரியவர்களின் ரத்தம் ஊறத் தொடங்கும், அப்படி நிறுத்துகிற ஏற்பாடு மரபணுவுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குச் சொன்னார். டிராக்டர்காரருக்கு அது நிற்கவில்லை. முப்பது வயது ஆண்பிள்ளை உடம்பில் குழந்தை ரத்தமும் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு நின்ற அவர் தங்கைக்கும் அப்படியே.

"நோயா சார்?" என்றேன்.

"நோயே இல்ல. இது எப்படி நிக்காம இருக்குன்னு கண்டுபிடிச்சா, அந்த வெளுத்த புள்ளைங்களை எல்லாம் காப்பாத்திடலாம்."

அதன்பின் டாக்டர் அந்த வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போனார். ஐஸ் பெட்டியோடு எங்கள் வண்டி அங்கே நிற்பதை ஊரே பார்த்தது. ஒருநாள் டிராக்டர்காரர் என்னைத் தனியே நிறுத்தினார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காதீங்க. எங்க ரத்தம் எங்கங்க போவுது?"

நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "லேபுக்குங்க" என்றேன்.

"எந்த லேபு?"

எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை டாக்டரிடம் கேட்டேன். "எல்லாம் சரியான இடத்துக்குத்தான் போவுது, நீ உன் வேலையைப் பாரு" என்றார். அதுவரை ஊர்க்காரர்கள்தான் சந்தேகப்பட்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவர் பெட்டியைப் பூட்டும்போதெல்லாம் சாவியை எங்கே வைக்கிறார் என்று பார்க்கத் தொடங்கினேன்.

இதற்குள் டிராக்டர்காரரின் தங்கைக்கு அம்பகரத்தூரில் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. எங்கள் டிரைவர் யாரிடமோ, "அந்த வூட்டுல ரத்தத்துல என்னமோ கோளாறாம்" என்று சொல்லியிருக்கிறார். என்னால்தானே அந்த வீட்டுக்கு வண்டி போனது என்று எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் வர மறுத்தார். நான் மட்டும் பஸ் ஏறி அம்பகரத்தூர் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கடைசிவரை கேட்டுக்கொண்டு முறத்தைக் கீழே வைத்தார்.

"நோயில்லன்னு சொல்றீங்க. அப்பறம் ஏம்மா அந்த வூட்டுக்கே சும்மா சும்மா போறீங்க?"

"அபூர்வமான ரத்தங்கறதாலதாங்க."

"அபூர்வமா இருக்குற வூட்டுல நான் ஏன் பொண்ணெடுக்கணும்? எங்களுக்குச் சாதாரணமா இருந்தாப் போதும்."

மோர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். "எம்புள்ள ரத்தத்தையும் பாருங்க. எப்படி இருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

அந்தப் பையன் காரைக்காலுக்கு வந்து ரத்தம் கொடுத்தான். மாட்டு வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்துகிற உடம்பு. ஆனால் நாங்கள் தேடிக்கொண்டிருந்த குறை அவன் ரத்தத்தில் பாதியளவு இருந்தது. அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அதே குறை உள்ள பெண்ணைக் கட்டினால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து. வரிச்சிக்குடிப் பெண்ணைக் கட்டினால் அந்த ஆபத்து இல்லை என்றார் டாக்டர். அவளுடைய குழந்தை ரத்தம் பிள்ளைகளுக்குக் காவலாக இருக்கும்.

சந்தோஷமாகத்தான் மறுபடி அம்பகரத்தூர் போனேன். அந்தம்மா இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"குத்தம் அங்க இருந்துது. இப்ப எம்புள்ள கிட்ட வந்துடுச்சு. அந்தப் பொண்ணையே கட்டுனா எல்லாம் சரியாப் போயிடும்னு சொல்றீங்க." என் முகத்தையே பார்த்தார். "அவுங்க வூட்டுல என்னம்மா குடுத்தாங்க உங்களுக்கு?"

பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

தங்கையை அடுத்த தையில் போலகத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் யாரும் ரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. டிராக்டர்காரர் எங்கள் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "இனிமே எடுக்க வேணாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். டாக்டர் என்னைத்தான் முறைத்தார். சில மாதங்களில் ஆராய்ச்சி முடிந்தது என்று பெட்டிகளோடு போனார். வெளிநாட்டில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். முடிவு என்ன என்று எந்த ஊருக்கும் யாரும் வந்து சொல்லவில்லை.

அம்பகரத்தூர்ப் பையனுக்குச் சொந்தத் தாய்மாமன் மகளையே கட்டப்போவதாகத் தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. குறை அந்தம்மா வழியில் வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கும் இருக்கலாம். மூன்றாம் முறையும் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு தரம் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "ரத்தம் கேக்க வந்துட்டா" என்று உள்ளே யாரோ சொன்னது காதில் விழுந்தது. கதவு சாத்தப்பட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலையில் இருந்தேன். ஒரு காலையில் அந்தம்மா இடுப்பில் பேரனோடு உள்ளே வந்தார். பிள்ளை மெழுகு மாதிரி வெளுத்திருந்தான். பிறந்து ஐந்தாறு மாதம் நன்றாகத்தான் இருந்தானாம், அப்புறம் பால் குடிக்கவே சோர்ந்து போகிறானாம். நான் எதுவும் கேட்கும் முன்னால் அவரே பிள்ளையின் சட்டையை மேலே தூக்கி, இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்தார்.

"இங்க கட்டியா இருக்குது."

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. பையனும் மருமகளும் வெளியே பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா, நெசத்தச் சொல்லுங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு எம்புள்ளைக்கு ஊசி போட்டு எடுத்தீங்களே, அப்ப எதையாவது உள்ள ஏத்திட்டீங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான், பிடியில் பலமே இல்லை.

"இல்லீங்கம்மா. எடுத்தோம், அவ்வளவுதான்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அன்றே பஸ் ஏறினார்கள். அதன்பின் மாதாமாதம் ரத்தம் ஏற்றப் போய் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் போகும் வழியில் அந்தம்மா மட்டும் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்.

"யாரு ரத்தம்மா ஏத்துறாங்க? கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க."

"கேட்டுக்கிட்டே இருங்கம்மா" என்பேன்.