கட்டைக் காலும் கிண்டித் தண்ணீரும்

ஒரு கால் போனவனுக்கு இந்த உலகத்தில் வாத்தியார்களுக்குப் பஞ்சமே இல்லை. கோட்டாறு சந்தையில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியின் சக்கரம் என் இடது காலில் ஏறியது. புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அதோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓடு போட்ட ஒரு நீளக் கூடம் இருந்தது. அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வாசலில் ‘மறுவாழ்வுப் பயிற்சி’ என்று பலகை தொங்கியது. அதுவரை நான் வாழ்ந்தது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அந்தப் பலகையிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கூடத்துக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். வடக்கே எங்கோ பிறந்து, சீமைக்குப் போய், யுத்தத்தில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பழக்கும் முறையைப் படித்துவிட்டு வந்தவர். அச்சடித்த தமிழில்தான் பேசுவார். எங்கள் பேச்சு அவருக்குப் பாட்டு மாதிரி கேட்குமாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்தால் நாங்களும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அவருடைய முறை இதுதான். எந்தக் காரியத்தையும் துண்டு துண்டாக நறுக்குவார். தண்ணீர் குடிப்பதென்றால் தம்ளரைப் பார்ப்பது ஒரு பாடம், அதை நோக்கிக் கை நீட்டுவது இன்னொரு பாடம். முதலில் அவர் செய்து காட்டுவார். அப்புறம் நாங்கள் செய்ய வேண்டும், செய்யும்போதே வாயால் சொல்லவும் வேண்டும். “நான் இப்போது தம்ளரை எடுக்கிறேன்.” எடுத்து முடித்ததும் “நன்று” என்பார். கூடத்தில் இருக்கிற மற்றவர்கள் கை தட்ட வேண்டும். வயசுக்கு வந்த ஆண்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் தண்ணீர் குடித்ததற்குக் கை தட்டுகிற கூத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. போனது கால்தானே ஐயா, கை நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். வரிசைப்படிதான் போக வேண்டும், தம்ளர் பாடத்தைத் தாண்டி நடைப் பாடத்துக்குப் போக முடியாது என்றார்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இராஜாக்கமங்கலத்துப் பனையேறி ஒருவர் இருந்தார். மரத்திலிருந்து விழுந்து கால் போனவர். “பனையேறுக பாடம் எப்பம் வரும் சார்?” என்று மாஸ்டரைப் பார்த்த போதெல்லாம் கேட்பார். மாஸ்டர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அவர் முதுகில் தட்டிக் கொடுப்பார். மனிதர் நிஜமாகவே கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு நாடகப் பாடம் உண்டு. ஊனப்பட்டவன் நாலுபேர் முன்னால் கூசாமல் பழக வேண்டும் என்பதற்காக. பனையேறி விருந்தாளியாக வருவார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, வாசல் வரை போய், அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “வருக, அமருங்கள், உங்கள் வருகைக்கு நன்றி” என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவனிடம் நன்றி சொன்னால், இவனுக்குக் காலோடு புத்தியும் போய்விட்டது என்று அவன் திரும்பிப் பார்க்காமல் ஓடுவான். பனையேறி சிரிப்பை அடக்க முடியாமல் தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொள்வார். மாஸ்டர் அதையும் குறை சொல்லி மறுபடி வரச் சொல்வார்.

இப்படி இருக்கையில் எனக்கு ஒரு கால் வந்து சேர்ந்தது. திருநெல்வேலி வரை ரயிலிலும் அப்புறம் ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸிலும் வந்த கால். தொடையில் கட்டுவதற்குத் தோல் வார், முழங்காலில் இரும்புக் கீல், அதற்குக் கீழே மரக்கட்டை. கட்டையின் நுனியில் கறுப்பு பூட்ஸ் ஒன்றை ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார்கள். கழற்ற முடியாது. கழற்றினால் உயரம் குறையும், நடை கெடும் என்றார் மாஸ்டர். செருப்போடு வாசல்நடையைத் தாண்டாத வீட்டில் பிறந்தவனுக்கு, சாகும் வரை கழற்ற முடியாத பூட்ஸ். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் எவனும் கட்டிலிலும் நாற்காலியிலும் தவிர வேறெங்கும் உட்கார்ந்திருக்க மாட்டான். எங்கள் வாழ்க்கை தரையில் நடக்கிறது. சாப்பாடு தரையில், தூக்கம் தரையில், கல்யாணமும் சாவும் தரையில். அந்தத் தரைக்கு இறங்க அவர்களிடம் ஒரு பாடமும் கிடையாது.

எனக்கு இறங்கியே ஆக வேண்டியிருந்தது. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கருங்கல் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பையன். எங்கள் முறையில், பந்தல் வாசலில் மாப்பிள்ளையை மணைப்பலகையில் நிறுத்தி, பெண்ணின் சகோதரன் மூக்கு வைத்த செம்பான கிண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றி அவன் காலைக் கழுவ வேண்டும். பிறகு கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்பா போனபோது அவள் சின்னப் பிள்ளை. அவளைத் தூக்கி வளர்த்தவன் நான். அந்தக் கிண்டியை என் கையால் பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறொரு ஆசையும் இருக்கவில்லை.

தாய்மாமன் ஒருநாள் பழக்குலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தெற்குத் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம் நடந்துகொண்டிருந்த காலம். முதலில் அதைப் பற்றி வெகுநேரம் பேசினார். அப்புறம்தான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

“மக்கா, நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத. உனக்குப் பந்தல்ல முன்வரிசையில நாற்காலி போட்டு வச்சாச்சு. காலு கழுவுகதுக்குச் சித்தப்பா மவன் இருக்காம்லா.”

“நான் இருக்கும்போ அவன் எதுக்கு மாமா?”

“அதுக்கில்லலே. நல்ல காரியத்துல ஒரு கொறை முன்னால வந்து நிக்கப்பிடாதுன்னு நாலுபேரு சொல்லுவாங்கல்லா.”

அந்த நாலுபேரில் முதல் ஆள் அவர்தான். அவர் கொண்டுவந்த பழத்தை அப்படியே பனையேறியிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாஸ்டரிடம் போய், தண்ணீர்ப் பாத்திரத்தோடு முட்டுக்குத்தி இருக்கவும் எழும்பவும் எனக்குப் பழக்கித் தரவேண்டும் என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். பாடத்திட்டத்தில் தரை இல்லை என்றார். நாற்காலியில் இருந்தபடியே கழுவலாமே என்றார். மாப்பிள்ளை காலை என் மடியில் தூக்கி வைக்கவா என்று கேட்டேன். மனிதருக்குக் கோபம் வரவில்லை, யோசனை வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து இதையும் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவந்தார். கட்டைக் காலைப் பின்னால் தள்ளுவது, அந்த முழங்காலைத் தரையில் ஊன்றுவது, இடுப்பை வளைக்காமல் கிண்டியைச் சரிப்பது, நல்ல காலில் பாரத்தைக் கொடுத்து எழும்புவது. மாப்பிள்ளையாக நின்றது அவரே. முழுக்கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, வெளுத்த பாதம் இரண்டையும் பலகையில் வைத்துக்கொண்டு, முகத்தில் மாப்பிள்ளைக் களை வேறு. “நான் இப்போது தண்ணீர் ஊற்றுகிறேன்” என்று நான் சொல்ல வேண்டும். கிண்டிக்குப் பதில் ஆஸ்பத்திரிக் கூஜா. தண்ணீர் கணுக்காலில் பட்டதும் “நன்று” என்பார். பனையேறி தனியாளாகக் கை தட்டுவார்.

பழகிவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெட்டிய காலின் முட்டு கன்றிப்போய் ராத்திரியெல்லாம் தெறித்தாலும், கை ஊன்றாமல் இறங்கி ஏறக் கற்றுக்கொண்டேன். ஆனால் அவர் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அவருடைய நாடகத்தில் வருகிற விருந்தாளிக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே குணம்தான். கையை நீட்டினால் கை கொடுப்பார்கள், குனிந்தால் காலைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட மனிதர்கள் அந்தக் கூடத்துக்கு வெளியே கிடையாது என்பது அவருக்குத் தெரியவில்லை. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று முதல் சண்டை பந்தல் வாசலிலேயே வந்தது. என் கட்டைக் காலைப் பார்த்து மாமாவும் அவர் வயதுக்காரர்களும் கூடிவிட்டார்கள். பூட்ஸோடு பந்தலுக்குள் வரலாமா என்பது கேள்வி. அது செருப்பா காலா என்று ஒருவர். காலென்றால் தீட்டில்லை, செருப்பென்றால் தீட்டு என்று இன்னொருவர். காலை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு அறிவாளி சொன்னார். நெல் விலையைத் தவிர வேறெதையும் யோசித்துப் பழகாத தலைகள் அன்று சாஸ்திரம் யோசித்தன.

“மாட்டுத் தோலு பந்தலுக்குள்ள வரப்பிடாதுலா மக்கா, அதான் பாக்கேன்” என்றார் மாமா.

“அங்க ஒருத்தர் தவிலு அடிக்காரே, அது எதுல செஞ்சது மாமா? பூசணித் தோல்லயா?”

நான் உள்ளே போனேன். பெண்ணின் அண்ணனுக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது.

மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்து இறங்கினார். மேளம் உச்சத்தில் இருந்தது. அவரை மணைப்பலகையில் ஏற்றினார்கள். நான் கிண்டியை வாங்கிக்கொண்டு, கட்டையைப் பின்னால் தள்ளி, முழங்காலை ஊன்றி இறங்கினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கிண்டியைச் சரித்தபோது அங்கே கால் இல்லை. மாப்பிள்ளை பலகையிலிருந்து பின்னால் நகர்ந்துவிட்டிருந்தார்.

“வேண்டாம் அத்தான். நீங்க போயி இத செய்யவா? எழும்புங்க” என்று குனிந்து என் கக்கத்தில் கை கொடுத்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் எனக்கு அவரைத் தண்ணீரோடு சேர்த்துத் தள்ளிவிட வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. பந்தல் முழுக்க உச்சுக்கொட்டியது. “என்ன மனசு பாத்தியா!” என்றாள் ஒருத்தி. “பிள்ளைக்கு நல்ல குணம்” என்றார் மாமா, தானே பெற்றுப்போட்டது போல. சித்தப்பா மகன் எங்கிருந்தோ வந்து என் கையிலிருந்த கிண்டியின் மூக்கைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. மேலே இழுக்கிறவரும் கிண்டியை இழுக்கிறவனுமாக, நடுவில் நான் முட்டுக்குத்தி இருந்தேன். மாஸ்டர் இதற்கு ஒரு பாடமும் நடத்தியிருக்கவில்லை.

பெண்ணை அலங்கரித்து உட்கார்த்தியிருந்த அறையின் ஜன்னல் பந்தல் வாசலைப் பார்த்து இருந்தது. அங்கிருந்துதான் அந்தக் குரல் வந்தது. மணப்பெண் முகூர்த்தத்துக்கு முன் உரக்கப் பேசி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. தங்கை கத்தவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள்.

“அவிய காலு எங்க அண்ணன் கையில படணும். அது பிடிக்கலைன்னா அவியளக் கார்ல ஏறச் சொல்லுங்க. நான் இந்த அறைய விட்டு வெளிய வரமாட்டேன்.”

நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சித்தப்பா மகன் கிண்டியை விட்டான். மாமா ஜன்னலைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் தன் துண்டைச் சரிசெய்துகொண்டார். என் கக்கத்திலிருந்த கை மெல்ல விலகியது. மாப்பிள்ளை மறுபடி பலகையில் ஏறி நின்றார்.

காரில் வந்த காலில் தூசுகூட இல்லை. ஆனாலும் நான் அவசரப்படவில்லை. குதிகால், கணுக்கால், விரல் இடுக்கு என்று இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று ஐயர் இரண்டுமுறை சொன்னார். கிண்டியில் இன்னும் தண்ணீர் இருந்தது.