இடது காலை வைத்த வருடம்

இந்தச் சித்திரை வருடப் பிறப்பன்றும் பத்து மணி வரை நான் கதவைத் திறக்கவில்லை. பண்டாரவளையில் நான் தனியாகக் குடியிருப்பது ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரர்கள் பால் பொங்கவைத்து, பட்டாசு வெடித்து, அக்கம்பக்கத்தார் வந்து போகும் வரை, தவறியும் அவர்கள் வாசலில் கால் வைத்துவிடக் கூடாது என்று தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவள், தன் காலுக்கே பயந்து ஒளிந்திருக்கிறாள் என்றால் யாரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

ஒரு காலத்தில் பெயர் பெற்ற கால் இது. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே வரிசையில் பத்து வீடுகள் கொண்ட லயம் எங்களுடையது. வருடம் பிறந்ததும் ஒரு வீட்டுக்குள் யார் முதலில் கால் வைக்கிறார்களோ, அந்தக் காலின் ராசிப்படிதான் அந்த வீட்டுக்கு அந்த வருடம் அமையும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, வருடப் பிறப்புக் காலையில் ஒரு கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு கடைசி வீட்டுக்குள் ஓடிவிட்டேன். அந்த வருடமே, இழுத்துக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்காவின் கல்யாணம் கூடிவந்தது. எனக்கு முன்னால் நுழைந்தது கோழிக்குஞ்சுதான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் முதல் கால் என்னுடையதாயிற்று. "ராசிக்காரி வந்துட்டா, வழி விடுங்க" என்பார்கள். நானும் கோயில் தேர் மாதிரி ஆடி அசைந்து போவேன். கைவிசேஷக் காசும் முறுக்கும் கொடுத்து அனுப்புவார்கள்.

எனக்கு எட்டு வயதானபோது, தீபாவளி முடிந்த கையோடு அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். சித்திரைக்கு முன்னால், அங்கிருந்து விடுமுறையில் வந்த லுணுகலைக்கார அக்கா ஒருவரிடம் அம்மா எனக்கு ஒரு சட்டை கொடுத்தனுப்பியிருந்தார். வெளிர் நீலம், கழுத்தில் வெள்ளை லேஸ். அதை அணிந்துகொண்டு பத்து வீட்டுக்கும் போக வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வருடப் பிறப்பன்று காலையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த மூலிகை மருத்துநீரை அப்பாதான் என் தலையில் வைத்தார். அம்மா இரண்டு சொட்டுத்தான் வைப்பார். அப்பா கை நிறைய ஊற்றிவிட்டதில் கண் எரிந்தது. அவர் பின்னிவிட்ட இரட்டைச் சடையில் ஒன்று மேலே இருந்தது, ஒன்று கீழே. குளித்து உடுத்தி, வீட்டு முன்னால் திண்ணை மாதிரி இருக்கும் இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு லயத்தின் அந்தக் கோடி வரை போனார். ஒவ்வொரு வாசலிலும் சற்று நேரம் நின்றார். வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். எந்த வீட்டுக்குள்ளும் அவர் நுழையாததைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் கால் மகளுடையதாக இருக்கட்டும் என்று அப்பா விட்டுக்கொடுக்கிறாராம். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் அடுப்பை ஊதத் தொடங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டு அத்தை, மேல் லயத்திலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த பெண். என்னைத் தாண்டிப் போகும்போது அத்தை வேலியைப் பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வீடாக அந்தப் பெண்ணைக் கூட்டிப்போனார்கள். எல்லா வீட்டிலும் சிரிப்புச் சத்தம். அவ்வளவு பேர் இருந்த லயத்தில் அன்றைக்குப் போல நான் தனியாக இருந்ததே இல்லை.

என் மூளைக்கு ஒரு காரணம் எட்டியது. அந்த வருடத்துக்குப் பஞ்சாங்கத்தில் சொல்லியிருந்த உடை நிறம் மஞ்சள். நான் நீலத்தில் உட்கார்ந்திருக்கிறேன், பிறகு யார் கூப்பிடுவார்கள்? பின்பக்கம் போய், இருந்த மஞ்சள் தூளை எல்லாம் வாளித் தண்ணீரில் கொட்டி, அம்மா அனுப்பிய சட்டையை முக்கி எடுத்தேன். மஞ்சளாகவில்லை. திட்டுத் திட்டாகப் பச்சையானது. அதையே ஈரத்தோடு அணிந்துகொண்டு மறுபடியும் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தேன். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

அப்பா வெளியே வந்து பார்த்தார். அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு அகலத் திறந்து, ஒதுங்கி நின்று, விருந்தாளியைக் கூப்பிடுவது போல் கூப்பிட்டார்.

"வாங்க, வாங்க. வலது கால எடுத்து வச்சு உள்ள வாங்க."

"நம்ம வீட்டுக்கு நானே வந்தா என்னாப்பா இருக்கு?"

"இருக்கு புள்ள. வா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒன்பது வீடு கைவிட்டுப் போன பிறகு, ஆளில்லாத இந்த வீட்டுக்கு வரவேற்பு ஒரு கேடா என்று இருந்தது. வேண்டுமென்றே இடது காலைத் தூக்கி வைத்தேன். அப்பா பார்த்தார், பார்க்காதது போல இருந்தார். வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் தந்தார். பிறகு ஒரு துவாய்த் துண்டால் என்னைச் சுற்றி அடுப்படியில் உட்காரவைத்தார்.

இரண்டு வருடம் என்று போன அம்மா நான்கு வருடம் கழித்துத்தான் வந்தார். அந்தக் கூடுதல் இரண்டு வருடமும் என் இடது காலின் வேலை என்று உறுதியாக நம்பினேன், யாரிடமும் சொல்லவில்லை. அம்மா வந்த பிறகு பிறந்த வருடத்தில் எல்லா வீட்டிலும் என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவின் கருமாதிக்குக் கடைசி வீட்டு அத்தை வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒங்கப்பா அன்னைக்கி எங்க வாசல்ல வந்து நின்னு, 'புள்ள விடிஞ்சதுல இருந்து ஒக்காந்திருக்கு, ஒரு தடவ கூப்புடுங்க'ன்னு கேட்டாரு கண்ணு. பொம்பள இல்லாத வீட்டுப் புள்ளைய நல்ல நாளும் அதுவுமா எப்புடிக் கூப்புடுறதுன்னுட்டேன். எல்லாரும் அதத்தான் சொன்னோம்."

நான் வாழ்த்து என்று நினைத்தது அதைத்தான். ஒன்பது வாசலில் நின்று கேட்டு, ஒன்பதிலும் இல்லையென்று கேட்டுவிட்டு வந்துதான் அப்பா தன் கதவைத் திறந்து என்னை "வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். அந்த வாசலில்தான் நான் இடது காலை வைத்தேன்.