ஒரு குறையும் இல்லீங்களே

தலையணையின் தையல் விட்ட ஓரத்தில் விரலை நுழைத்து ஒரு சிட்டிகை பஞ்சை உருவுகிறார் காளிச்சாமிக் கவுண்டர். இரண்டு கை விரல்களுக்கும் நடுவே அதைப் பிடித்து மெல்ல இழுக்கிறார். இழை எங்கே அறுகிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறார். "கம்போடியாப் பருத்திதானுங்க. கருங்கண்ணி கலக்கலீங்க" என்று பின்னால் நிற்கும் மேட்ரனிடம் சொல்லுகிறார். அந்தத் தலையணைக்குச் சொந்தக்காரரான கிழவர், ஒரு பெரிய மனிதருடைய காரியம் தம்மால் கெட்டுப் போகக்கூடாதே என்று, கழுத்து நடுங்கத் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதுவரையில் காத்திருக்கிறார்.

கோயமுத்தூரில், அவிநாசி ரோட்டில், ஊர் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது கனகம்மாள் நர்ஸிங் ஹோம். மில் முதலாளி ரங்கராஜ் நாயுடு தம் தாயார் பெயரால் கட்டி வைத்தது. தலையணைக்கு இலவம்பஞ்சு போதாது, மில்லுக்கு வருகிற பருத்திப் பஞ்சையே வைக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பப்பட்டவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வயோதிகர்கள் ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். அவர்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா என்று மாதம் ஒரு முறை பார்த்துவந்து சொல்வதற்காகக் கமிட்டியார் ஒரு விசிட்டரை நியமித்திருக்கிறார்கள். கணபதியில், பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரி வைத்திருக்கும் நம் கவுண்டர்தான் அந்த விசிட்டர்.

வெள்ளைத் தலைப்பாகை, மூடுகோட்டு, காதில் சிவப்புக் கடுக்கன். குரல் ஆளுக்குத் தகுந்த பெரிய குரல் இல்லை. எப்போதும் எதிராளியிடம் அநுமதி கேட்டுக்கொண்டுதான் வெளியே வரும். தம் வண்டிக் காளைகளைக்கூட அவர் 'நடங்க சாமி' என்றுதான் ஓட்டுகிறார் என்று கணபதியில் கேலி செய்வார்கள். அது கேலி இல்லை, உண்மை.

பஞ்சு பார்த்தானதும் கட்டிலின் காலைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். குனிந்து பினாயில் வாசனையை இழுப்பார். குழாயைத் திறந்து சிறுவாணித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடிப்பார். மின்சார விசிறியை ஒரு தரம் போட்டு, சுற்றுகிறது என்று கண்டதும், கரண்டு வீணாகுமே என்று உடனே நிறுத்திவிடுவார். கடைசியாகக் கொல்லைப்புறம் போய் அங்கே கட்டியிருக்கும் பசுவின் முதுகில் கையை வைத்துத் தடவுவார். பசு பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் முகமும் பளபளக்கும். "ஊட்டமுன்னா இதுதானுங்க" என்பார்.

இத்தனைக்கும் நடுவில் நோயாளிகளையும் விசாரிக்காமல் இருப்பதில்லை. ஒவ்வொரு கட்டில் ஓரத்திலும் நின்று, மேல்துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, "ஏனுங்க, ஒரு குறையும் இல்லீங்களே?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. அதையும் கேட்கிறவரே கையில் கொடுத்துவிடுகிறார். "ஒரு குறையும் இல்லீங்க" என்று கட்டிலில் இருப்பவர் திருப்பிக் கொடுப்பார். வேறு எதைச் சொல்வார்? சோறு போடுகிற இடத்தைப் பற்றி, அந்த வீட்டுக்காரர்களை எதிரில் வைத்துக்கொண்டு, குறை சொல்கிற வாய் இந்தச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. கவுண்டர் அதை அப்படியே கொண்டுபோய்க் கமிட்டியில் சொல்வார். தலையணையைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதன்மேல் இருக்கும் தலையைப் பற்றித்தான் கொஞ்சம் குறைவாக விசாரித்திருக்கிறார்.

புறப்படும் முன் மேட்ரனுடைய அறையில் சற்று உட்காருவார். மேட்ரன் அம்மாள் நாகர்கோயில் பக்கத்தவர். கையோடு இரண்டு நர்ஸுகளையும் தம் ஊரிலிருந்தே அழைத்து வந்திருக்கிறார். கை சுத்தம், வாய் சுத்தம், மனசும் சுத்தம். "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்பார். "எதுக்குங்க, வேண்டாமுங்க" என்பார் கவுண்டர். சரி என்று மேட்ரன் வேறு பேச்சை எடுத்துவிடுவார்.

கொங்குநாட்டில் முதல் முறை சொல்கிற வேண்டாம், வணக்கம் சொல்வதைப் போல ஒரு மரியாதை. இரண்டாம் முறை சொல்வது கூச்சத்துக்காக. மூன்றாம் முறை கேட்கும்போதுதான் உண்மையான பதில் வரும். பல வீடுகளில் அதற்குள் சோறு இலையில் விழுந்துவிடும். இது தெரியாதவர்கள் இங்கே மாப்பிள்ளையாக வந்தால் பட்டினிதான். மேட்ரனுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆக மூன்று வருஷமாக விசிட்டராக இருந்தும் கவுண்டர் அந்த அறையில் ஒரு வாய்க் காப்பி குடித்தது கிடையாது. 'நல்ல அம்மாதான், கொஞ்சம் கை இறுக்கம்' என்று தம் மனைவி வள்ளியாத்தாளிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

போன தை மாசம், பாக்டரிப் படியில் சிந்திக் கிடந்த பருத்திக்கொட்டையில் கால் வைத்து அவர் சறுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஒரு மாசம் அசையக்கூடாது என்றார்கள். வீட்டிலோ பருத்தி வந்து குவிகிற நேரம். "நம்ம நர்ஸிங் ஹோம்லயே இருந்துக்கறீங்களாப்பா? நீங்கதான் அங்க ஒரு குறையும் இல்லீன்னு சொல்லுவீங்களே" என்றான் மகன் திருமூர்த்தி. இதற்கு என்ன மறுப்புச் சொல்ல முடியும்? கவுண்டரை ஜட்கா வண்டியில் ஏற்றினார்கள்.

வாசலிலேயே மேட்ரன், தனி அறை வேண்டுமா, பொது வார்டா என்று கேட்டார். தனி அறையை மனத்தில் நினைத்துக்கொண்டு, "நமக்கெதுக்குங்க தனியறை, எல்லாரோடயும் இருந்துக்கறனுங்க" என்றார் கவுண்டர். சரி என்று பொது வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டு வேளை வந்தது. நர்ஸ் ஒரு கரண்டி சோறு போட்டு, ரசம் ஊற்றி, "இன்னும் போடவா?" என்று கேட்டாள். கவுண்டரின் வாய் தன் வழக்கப்படி "போதுமுங்க" என்றது. தூக்கு வாளி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டது. கவுண்டர் சாதாரணமாக மூன்று தரம் சோறு வாங்குகிறவர். வாளி போன திக்கையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். வார்டு முழுவதும் அதே கதைதான் நடந்தது. போதுமுங்க, வேண்டாமுங்க, எதுக்குங்க அம்மணி என்று ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் மரியாதை எழும்பிற்று. வாளி பாதிக்குமேல் நிறைந்தபடியே கொல்லைப்புறம் போயிற்று. சற்றைக்கெல்லாம் பசு திருப்தியாக அசைபோடும் சத்தம் கேட்டது. தாம் மூன்று வருஷமாக மெச்சித் தடவிய அந்த முதுகு எதனால் பளபளத்தது என்று கவுண்டருக்கு அப்போதுதான் விளங்கிற்று.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நஞ்சுண்டன். ஒரு மில்லில் வாசல் காவலாக இருந்தவர். பெண்டு பிள்ளை இல்லை. கவுண்டருடைய பஞ்சுப் பரீட்சைக்காகத் தலையைத் தூக்கிப் பிடிக்கிற கிழவர் இவர்தான். உடம்பு சருகாகிவிட்டது. ஒரு கரண்டியைக்கூட முழுதும் வாங்கமாட்டார். தட்டின்மேல் கையை விரித்துவிடுவார். 'ஓசிச் சோத்துல பங்கு கேக்கறதுங்களா?' என்று ஒரு நாள் கவுண்டரிடமே மெல்லச் சொன்னார். ஆனால் வாளி நகரும்போது அவர் கண்ணும் கூடவே நகர்வதைக் கவுண்டர் பார்த்தார். அந்தக் கண்ணை அவருக்குத் தெரியும். அதே வேலையைத்தான் அவருடைய கண்ணும் செய்துகொண்டிருந்தது.

மறுநாள் நர்ஸைக் கூப்பிட்டு, அவருக்குப் பசி இருக்கும் போலிருக்கிறது என்று காதோடு காதாகச் சொல்லிப் பார்த்தார். அவள் நேரே நஞ்சுண்டனிடம் போய், பசிக்கிறதா என்று வார்டு முழுவதும் கேட்கும்படி விசாரித்தாள். நஞ்சுண்டனுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. "இல்லீங்க அம்மணி" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று முழுவதும் கவுண்டரிடம் அவர் பேசவில்லை. கவுண்டருக்குத் தம்மையே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை வள்ளியாத்தாள் போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறும், கிண்ணத்தில் நெய்யும் கொண்டுவந்தாள். புருஷன் சாப்பிட்ட வேகத்தை அவள் ஒரு தரம் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினாள். நஞ்சுண்டன் வேண்டாமென்று கையை விரித்தார். "அட சாப்புடுங்ண்ணா, நம்மூட்டுச் சோறுதானுங்களே" என்று கரண்டியை விரல் இடுக்கில் கவிழ்த்தாள். அவர் மறுபடியும் வேண்டாமென்றார். மறுபடியும் கவிழ்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். வள்ளியாத்தாள் எந்தத் தலையணையிலிருந்தும் பஞ்சு உருவவில்லை. போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பருத்திக் காலத்தில் அவளால் தினமும் வர முடியாது.

திங்கட்கிழமை டாக்டர் வந்து நஞ்சுண்டனுடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஆகாரம் இறங்கவில்லை, பசி நின்றுவிட்டது, மத்தியானத்துக்குமேல் கோடி அறைக்கு மாற்றிவிடலாம் என்று மேட்ரனிடம் சொன்னார். கோடி அறை என்பது வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. அங்கே சோறு கிடையாது. பாலில் பஞ்சை நனைத்து உதட்டில் பிழிவார்கள். உள்ளே போனவர் யாரும் தம் காலால் வெளியே வந்ததில்லை. நஞ்சுண்டனுக்கு இது காதில் விழுந்தது. போர்வையைச் சீராக மடித்துக் கால்மாட்டில் வைத்தார், அவ்வளவுதான்.

அன்றைக்கே விசிட்டர் வருகிற நாளாகவும் இருந்தது. கவுண்டருக்குப் பதிலாகச் சென்னகேசவன் என்ற இளம் வக்கீலைக் கமிட்டியார் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் கவுண்டர் செய்கிற மாதிரியே செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள் போலும். கட்டில் காலை ஆட்டினார், விசிறியைப் போட்டு நிறுத்தினார். கவுண்டரின் தலையணையிலேயே விரலை விட்டுப் பஞ்சையும் உருவினார். கவுண்டர் மரியாதையாகத் தலையைத் தூக்கிக் காத்திருந்தார். வக்கீலுக்குப் பஞ்சைப் பற்றி ஒன்றும் தெரியாததால் வெகு நேரம் பார்த்தார். கவுண்டருக்குக் கழுத்து நன்றாக வலித்தது.

"ஏனுங்க, ஒரு குறையும் இல்லீங்களே?" என்று கேட்டார் வக்கீல்.

"ஒரு குறையும்..." என்று ஆரம்பித்தார் கவுண்டர். அதற்குள் வாளி வந்தது. நர்ஸ் நஞ்சுண்டனுக்கு அரைக் கரண்டி போட்டாள். இன்னும் போடவா என்று கேட்டாள். வழக்கம்போல அவர் கை தட்டின்மேல் விரிந்தது.

"வேண்டாமுங்க. போதுமுங்க."

நர்ஸ் திரும்பினாள். குறை என்று ஒன்றைச் சொன்னால் மூன்று வருஷமாகத் தாம் கமிட்டியில் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகும். சொல்லாவிட்டால் மத்தியானம் பக்கத்துக் கட்டில் காலியாகிவிடும்.

"அம்மணி, நில்லுங்க" என்றார். "இன்னொருக்காக் கேளுங்க."

மேட்ரன் முன்னால் வந்தார். "வேண்டாம்னு சொல்லியாச்சே ஐயா. பிடிக்காதவருக்கு வம்படியாப் போடலாமா?"

"எங்கூர்ல மொதத் தடவை ஆருமே வேணுமுன்னு சொல்றதில்லீங்கம்மா" என்றார் கவுண்டர். அவருடைய குரல் முதல் முறையாக யாரிடமும் அநுமதி கேட்கவில்லை. "நானும் வந்த நாளாப் பசியோடதானுங்க கெடக்கறேன். இந்த வார்டே பசியோடதானுங்க கெடக்குது. கேளுங்க."

கட்டில்களில் இருந்தவர்கள், அந்த வார்த்தையைத் தாங்களே சொல்லிவிட்ட மாதிரி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேட்ரன் அவர்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நர்ஸிடமிருந்து வாளியைத் தாமே வாங்கிக்கொண்டு நஞ்சுண்டனிடம் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"வேண்டாமுங்க" என்றார் நஞ்சுண்டன். சத்தம் பாதியாகிவிட்டிருந்தது.

"இன்னுமொருக்கா" என்றார் கவுண்டர்.

மேட்ரன் இன்னொரு முறை கேட்டார். இந்தத் தடவை நஞ்சுண்டன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண் வாளியில் இருந்தது. கை மட்டும் தட்டைவிட்டு நகரமாட்டேன் என்றது. கவுண்டர் மாவுக்கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தார். எட்டிக் கையை நீட்டி, அந்தக் கையைத் தட்டின்மேலிருந்து மெதுவாகத் தூக்கினார். சோறு விழுந்து முடிகிற வரையில் அதைத் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.