எபி எங்கே போய்விடுகிறான்?

சபையாரே, ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் நிற்கிறேன். ஆனாலும் கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி எபிக்குக் காதில் குரல் கேட்கும் வியாதி. தூத்துக்குடியிலிருந்து வந்து, அருள்புரத்தில் பனியன் கம்பெனியில் அக்காவும் தம்பியுமாக டெய்லர் வேலை பார்க்கிறோம். மாத்திரையில் குரல் குறைந்தது. ஆனால் திடீரென்று அப்படியே உறைந்துவிடுவான். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் கேட்காது. "நடிக்கிறான்" என்றார் சூப்பர்வைசர். "பிசாசு" என்றார்கள் பக்கத்து வீட்டில். எனக்கு வெறுத்தே போயிற்று.

லெந்து நாட்களின் உபவாச ஜெபத்தில் அவனை நடுவில் உட்கார வைத்தீர்கள். டிரம்ஸ், கைதட்டல், அவன் தலைமேல் அத்தனை கைகள். முதலில் நடுங்கினான். பிறகு அசைவே இல்லை. "விடுதலை!" என்று சொல்லி, குணமாகிவிட்டதென்று சாட்சி சொல்ல மைக்கை வேறு அவன் கையில் திணித்தீர்கள்.

மறு வாரம் தையல் ஊசி அவன் விரலில் இறங்கியது. அவன் கத்தவில்லை. துணியில் ரத்தம் ஊறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அன்று கம்பெனி பாத்ரூமில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, குணமாக்குவது உம் இஷ்டம். இவன் எங்கே போகிறான் என்றாவது சொல்லித் தொலையும்." ஆமாம், அப்படித்தான் கேட்டேன்.

கட்டுப்போட்ட கையோடு அவனை, மாத்திரை தரும் மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அவர் என்னை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார். "ஏனுங்க தம்பி, அப்படி ஆகறப்ப நீங்க எங்கீங்க இருப்பீங்க?"

அட, இதை ஒருநாளும் நாங்கள் அவனிடம் கேட்டதில்லையே!

"மேல, ஃபேன் பக்கத்துல நிப்பேன். கீழ யாரோ தைப்பாங்க. அது என் கைன்னே தோணாது. அங்க போயிட்டா அந்தக் குரல் பயமுறுத்தாது."

குரல் கேட்பது ஒன்று, இப்படி விலகிப்போவது இன்னொன்று, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும் என்றார் டாக்டரம்மா. பயம் தாங்க முடியாதபோது மனசு தானாக ஒதுங்கிக்கொள்கிறதாம். "நடிப்பில்லீங்க. சத்தம் போடாதீங்க. பேரைச் சொல்லி, எங்க இருக்காருன்னு மெதுவா சொல்லுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தீராதீங்க."

நான் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. குரல் இன்னும் முழுதாக நிற்கவில்லை. எபி ஊசியை விட்டுப் பேக்கிங் வேலைக்கு மாறிவிட்டான்.

போன ஞாயிறு ஆராதனையில் மறுபடியும் உறைந்தான். கையை நீட்டிக்கொண்டு பாதிப் பேர் எழுந்தீர்கள். நான் முறைத்த முறைப்பில் உட்கார்ந்தீர்கள். பாஸ்டர் பாட்டையும் டிரம்ஸையும் நிறுத்தச் சொன்னார்.

"எபி, அக்கா இருக்கேன். நம்ம சர்ச்சுலதான் இருக்கோம். உன் காலு தரையிலதான் இருக்கு."

மெல்ல விரல் அசைந்தது. என்னைப் பார்த்தான்.

"ஏன்க்கா பாட்ட நிறுத்திட்டாவ?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆண்டவரிடம் கேளுங்கள், பதில் தருவார். கூடவே உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது எல்லோரும் அல்லேலூயா சொல்லலாம். மெதுவாக.