உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது ஒரே இடத்தில்தான். பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சப்பட்டைப் பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் பேசலாம், இறங்கினால் அறுந்துபோகும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், மிளகு எடை போட வந்தவர்கள் எல்லோருக்கும் நடுவில் நின்றுதான் நான் என் புருஷனோடு பேசினேன். கல்யாணமான இரண்டாம் மாதமே கப்பலுக்குப் போனவர் அவர். வெளிநாட்டுக்காரர்கள் சுற்றுலா போகிற பெரிய கப்பல். அதில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் பிரிவில் வேலை.

"நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன்."

"அங்க வசதியெல்லாம் எப்படீங்க?"

"வசதிக்கு என்ன, நல்ல வசதி."

அவ்வளவுதான். எங்கள் பேச்சை ஊரே கேட்டது. கேட்கிற அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை என்பதுதான் என் எரிச்சல்.

வீட்டிலும் அதே கதைதான். மாமா, அத்தை, கொழுந்தன், நாத்தனார், நான், எல்லோருக்கும் ஒரே கூடம். கல்யாணமான புதிதில் எங்களுக்கு ஒதுக்கியது மிளகு மூட்டை அடுக்குகிற பின்கட்டு. அதற்குக் கதவு கிடையாது, அத்தையின் பழைய சேலை ஒன்றுதான் திரையாகத் தொங்கும். அந்தப் பக்கம் கொழுந்தன் இருமினால் இந்தப் பக்கம் நாங்கள் பேச்சை நிறுத்துவோம்.

அத்தை கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு மலையின் அந்தப் பக்கம் குண்டூர் நாட்டில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். இவரோ எனக்குத் தலைவலி என்றால் மிளகுக் கஷாயத்தோடு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். "தனியாவா போற, இரு சாமி, நானும் வாரேன்" என்று ரேஷன் கடைக்கும் கூட வருவார், டவர் பாறைக்கும் கூட வருவார். எந்நேரமும் யாராவது கூப்பிட, "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஓடுவது எனக்குப் பழகிவிட்டது. தூக்கத்தில்கூட அப்படிச் சொல்கிறேன் என்று நாத்தனார் சொல்லிச் சிரிப்பாள்.

கப்பல் கொச்சிக்கு வருகிறது, ஒரு பகல் நிற்கும், காலையில் இறங்கி மதியத்துக்கு மேல் திரும்பிவிட வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் பாறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு மாமாவிடம் மட்டும் சொல்லி, அவர் துணையோடு போய்வரலாம் என்று பாறையிலிருந்து இறங்குவதற்குள் கணக்குப் போட்டேன். நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். நாத்தனார் எந்தச் சுடிதார் என்று முடிவு பண்ணிவிட்டாள். வீட்டோடு எல்லோரும் கிளம்புவது என்று முடிவாகியிருந்தது, என்னைக் கேட்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

தங்குமிடம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. காலேஜ் படித்தவள், போன் வைத்திருப்பவள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உள்பக்கம் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறை, அதில் அவரோடு ஒரு மணி நேரம். கேட்கக்கூடாத ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாதே.

துறைமுகக் கேட்டுக்கு எதிரிலேயே ஒரு லாட்ஜ் கிடைத்தது. பாறைமேல் நான், பக்கத்தில் அத்தை, கீழே மாமாவும் நாத்தனாரும், போன் ஸ்பீக்கரில். எத்தனை பேர் என்று கேட்டார் லாட்ஜ்காரர். சொன்னேன். "அப்போ பெரிய ஹால் போதும், வாடகை குறைவு, எல்லாரும் ஒண்ணாய்ட்டு கிடக்கலாம்" என்றார். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஒன்றாகக் கிடப்பதற்குத்தான் இங்கேயே இருக்கிறோமே என்று எனக்கு வாய்வரை வந்தது. அறை இருக்கிறதா, தாழ்ப்பாள் சரியாக விழுமா என்று கேட்க நினைத்து, "சுடுதண்ணி வருங்களா?" என்று கேட்டு வைத்தேன்.

பாறைக்குக் கீழே தராசோடு நின்றுகொண்டிருந்தார் அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வருகிற பாய். எங்கள் மலை மிளகைக் கொச்சி மட்டாஞ்சேரிக் கடைவீதி வரை கொண்டுபோகிறவர். நான் அவரோடு பேசியதே இல்லை. ஆனால் நான் பாறையில் பேசியதையெல்லாம் அவர் வாராவாரம் கேட்டிருக்கிறார். மூட்டையைக் கட்டியபடி, மாமாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, அந்த ஹாலுல லாரிக்காரங்கதான் படுப்பாங்க. பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போற எடமில்லீங்க அது. மட்டாஞ்சேரியில நம்ம பழக்கத்துல ஒரு லாட்ஜு இருக்குது. பழைய மிளகுக் கிடங்கு, இப்ப தனித்தனி ரூமா தடுத்திருக்காங்க. ரெண்டு ரூம் எடுத்தாலும் கட்டுப்படியாகும்."

"அங்கிருந்து கப்பலுக்கு எவ்வளவு தூரமுங்க?" என்று அத்தை கேட்டார்.

"நடுவுல தண்ணி. பாலம் சுத்திப் போகோணும். போக வர ஒரு மணி நேரம் ஆகுமுங்க."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பையன் இருக்கறதே அரைப் பகலு. அதுல ஒரு மணி நேரத்தை ரோட்டுல விடறதா?" அவர் சொன்னது நியாயம். எனக்கும் அது தெரிந்தது. ஆனாலும், ஹாலில் முழு நேரமும் என் புருஷனை எல்லோரோடும் பங்கு போட்டுக்கொள்வதைவிட, நேரம் குறைந்தாலும் ஒரு கதவு மேல் என்று என் மனது பிடிவாதமாக நின்றது. "லாரிக்காரங்க இருந்தா வயசுப் பொண்ணை எப்படீங்கத்தை அங்க படுக்க வெக்கறது?" என்றேன். நாத்தனார் என்னை முறைத்தாள். மாமா மட்டாஞ்சேரிக்குத் தலையாட்டினார். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை, தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மலை இறங்கி, ஈரோட்டில் ரயில் ஏறி, காலையில் போய்ச் சேர்ந்தோம். குச்சிக்கிழங்கு, மலைவாழை, பலாச்சுளை என்று அத்தை கட்டி வந்த மூட்டைகளுக்கே ஒரு ஆட்டோ வேண்டியிருந்தது. மிளகு பாய் சொன்னபடியே இருந்தது லாட்ஜ். தடித்த சுவர், உயரமான கூரை, பெரிய கட்டில். கதவின் உள்பக்கம் நல்ல இரும்புத் தாழ்ப்பாள். நான் அதை ஒருமுறை போட்டு எடுத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் அத்தை சொன்னார்: "ஆம்பளைங்க அந்த ரூம்பு, பொம்பளைங்க இந்த ரூம்பு."

வெளியூர் போனால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பிரித்துக்கொள்வோம். ஊரையே ஏய்த்துவிட்டதாக நினைத்த எனக்கு இது எப்படி மறந்துபோனது என்று தெரியவில்லை. அழுகை வந்தது. பலாச்சுளையை எடுத்து வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் வந்தார். மெலிந்து, வெளுத்து, வெயிலே படாத ஆளாக. அத்தை அவரைக் கட்டிலில் உட்கார வைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார். சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எனக்குக் கிடைத்த இடம் கதவோரம். கை கழுவ எழுந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார். "மேல ஒண்ணுமில்ல சாமி, ஏன் குனியற?" என்று அத்தை சிரித்தார். அவரும் சிரித்தார்.

சாப்பாடு முடிந்ததும் கடல் பார்க்கலாம் என்று கொழுந்தன் கிளப்பினான். எங்களில் ஒருவரும் கடல் பார்த்ததில்லை. "நான் பாக்காத கடலா, நீங்க போயிட்டு வாங்க. கொஞ்சம் படுக்கறேன்" என்றார் அவர். அத்தை செருப்பைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நீ வா கண்ணு. அவன் தூங்கட்டும்."

"எனக்குக் கடல் வேண்டாமுங்கத்தை."

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மாமா ஜன்னலைப் பார்த்தார். அத்தை என் கையை விட்டார். அவர் முகம் சுருங்கிப்போனது. கோபத்தில் இல்லை, மகனை விட்டுப் போக அவருக்கும்தான் மனசில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் படியிறங்குகிற சத்தம் அடங்கியதும் தாழ்ப்பாளைப் போட்டேன். திரும்பினால், அவர் படுத்துவிட்டார். அவ்வளவு பெரிய கட்டிலில் சுவரோரமாக, முழங்காலை மடக்கி, ஒரு பாய் அகலம்கூட இல்லாத இடத்தில்.

"நல்லா நீட்டிப் படுங்களேன்."

"பழகிப்போச்சு." கண்ணைத் திறக்காமலே பேசினார். "அங்க மேல ஒருத்தன், எதுத்தாப்பல ரெண்டு பேரு. எந்திரிச்சா தலை இடிக்கும். ஜன்னல் கெடையாது. கதவும் நாலு பேருக்கும் பொது. எனக்குன்னு ஒரு திரைதான்."

"நல்ல வசதின்னு சொன்னீங்களே."

"போன் பேசறப்ப மூணு பேரும் அங்கதான இருப்பாங்க."

எனக்குப் பாறையில் கேட்டவர்கள் போல, அவருக்கும் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். நான் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவர் மூச்சு மாறிவிட்டது. தூங்கிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இதற்காகவா ஒரு மணி நேரத்தை ரோட்டில் விட்டேன் என்று உலுக்கி எழுப்பலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் விட்டுவைத்திருந்த அந்தப் பெரிய இடத்தில் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கால் மெல்ல மெல்ல நீண்டு என் கால்மேல் வந்து கிடந்தது.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"கண்ணு, கடலைப் பாத்தாச்சு. வெயிலு தாங்கல. கதவைத் தொற."

அவர் தூக்கத்திலேயே திடுக்கிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எழப் பார்த்தார். நெற்றியில் கை வைத்து அவரைப் படுக்க வைத்தேன். அத்தை மறுபடி கூப்பிட்டார். "வாரேனுங்க" தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, தாழ்ப்பாளைப் பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தேன்.