ரெஜினா வைத்துப்போன படகுப் பக்கம்

ரெஜினா காலமான செய்தியை அவளுடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது நான் காலைப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முத்தையாபுரம் வீட்டில், தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது. என்னைவிட வயதில் மிக இளையவள். வரிசை மாறிவிட்டதே என்ற கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. அழுகை பூசையின் நடுவில் வந்தது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்தவள், ஓய்வுபெற்றதும் நம் கோயில் பங்கின் கடல் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்தாள். எந்த வள்ளம் கடலில் இருக்கிறது, எது கரைக்கு வந்துவிட்டது, காற்று எப்படி என்பதையெல்லாம் கைபேசியிலேயே பார்க்க ஒரு டாஷ்போர்டு, அதாவது ஓர் இணையப் பக்கம், அமைத்தாள். அதன் தமிழைத் திருத்துவது என் வேலை. பங்கு அலுவலகக் கணினியில் அது ஓடியது. பலத்த காற்றடித்த ஒரு நாள் மின்சாரம் போய்க் கணினி அணைந்தது. கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் தேடிய நேரத்தில் பக்கமே திறக்கவில்லை.

“இந்தக் கம்ப்யூட்டர நம்பக்கூடாதுக்கா. போட்டோ புடிச்சு மாட்டுத மாரி, பக்கத்த அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி வெளிய வச்சிருவோம்” என்றாள் ரெஜினா. ஸ்டாட்டிக் தளம் என்று அதற்குப் பெயராம். விவரங்களைப் பதிந்ததும் முழுப் பக்கமும் கோப்புகளாக மாறி இணையத்தில் ஏறிவிடும். அலுவலகம் இருண்டாலும், கடைசியாக ஏற்றிய பக்கம் எல்லோருக்கும் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நம் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை என்பதால், ஒரு சனிக்கிழமை மாலையே பக்கத்தை ஏற்றிவிட்டு அவள் வீட்டுக்குப் பேருந்து பிடித்தாள். மிக்கேல் அண்ணனின் வள்ளம் இருட்டிய பிறகு வந்தது. மறுநாளும் பக்கம் அவரைக் கடலிலேயே காட்டியது. மஸ்கட்டில் இருக்கும் அவர் மகள் அதைப் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறாள். பெற்றோர் இருவரும் கைபேசியை அணைத்துவிட்டுப் பூசையில் இருந்தார்கள். அவள் பிள்ளைத்தாய்ச்சி வேறு.

“ஏளா ரெஜினா! எம் பக்கத்துல உக்காந்து கொட்டாவி விடுதாரு மனுசன். ஒன் பக்கத்துல இன்னும் கடல்ல கெடக்காரு! எம் புள்ள அங்கன அழுது மாளுதா. இனி ஒன் பக்கத்த எவளும் பாக்க மாட்டா!” என்று கோயில் வாசலிலேயே வெடித்தாள் அவர் மனைவி அந்தோனியம்மாள்.

“விடுளா. கொட்டாவி விட்டத அதுல காட்டலல்லா” என்றார் மிக்கேல் அண்ணன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ரெஜினா அந்தோனியம்மாளின் கைபேசியை வாங்கி, “தப்பு என்னுது தாயி. ஒங்கப்பா நேத்தே வந்துட்டாவ” என்று மஸ்கட்டில் இருந்த மகளிடம் தானே பேசினாள்.

அந்த வாரமே, பக்கத்தை ஏற்றிய நாளும் நேரமும் மேலே பெரிய எழுத்தில் வந்தன. உறுதியாகச் செய்தி வராத வள்ளத்துக்கு ‘தெரியவில்லை’ என்று போட்டாள். பக்கம் முழுக்க ‘தெரியவில்லை’ என்றிருந்தால் யார் மதிப்பார்கள் என்று கேட்டேன்.

“தெரியலன்னு போட்டா நம்மளக் கேப்பாவக்கா. தெரிஞ்ச மாரி போட்டா கேக்கவே மாட்டாவ” என்றாள்.

‘தகவல் வரவில்லை’ என்பதே சரி என்று திருத்தினேன். அதை மட்டும் ஏற்றுக்கொண்டாள்.

அதன்பின் சனிக்கிழமைகளில் அவள் மாலைப் பேருந்தைப் பிடித்ததே இல்லை. பெண்கள் மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கியது எந்த விளக்கத்தாலும் அல்ல. எல்லா வள்ளங்களும் வரும்வரை அவள் கரையில் நிற்பதை அவர்கள் பார்த்தார்கள்.

எனக்கு அவள் விட்டுப்போனது அந்தக் காத்திருப்பைத்தான்; பக்கத்தை இப்போது நான் ஏற்றுகிறேன். சென்ற சனிக்கிழமை ஒரு வள்ளம் பிந்தியது. அதன் விளக்கைக் கண்ணால் பார்த்து, ஆட்கள் இறங்கியதையும் பார்த்த பிறகே ‘கரையில்’ என்று பதிந்து, பக்கத்தை ஏற்றினேன்.