ஒரே தங்கச்சி, ரெண்டு மண்டபம்

மரிக்கொழுந்தும் ஜெனரேட்டர் டீசலும் கலந்த வாசனை... அதை முகர்ந்தாலே எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்துவிடும். இணைச்சீருக்கு யார் நிற்பது என்று என் மூன்று அக்காக்களும் மண்டபத்திலேயே மல்லுக்கட்டினார்கள்.

போன வாரம் பெருந்துறையில் அதே வாசனை. நண்பர் பொன்னுசாமியின் ஒரே மகன் பிரதீப்புக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை — எங்கள் பக்கம் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் சேலை முனையைப் பிடித்து நின்றால்தான் மறுநாள் தாலி. 'நாளைக்கு என் பிள்ளைக்கும் உன் பிள்ளைக்கும் சம்பந்தம்' என்று இருவரும் சொல்லாமல் சொல்லிக்கொள்ளும் சீர் அது.

மாப்பிள்ளை ரெடி. சேலை ரெடி. டிரோன் கேமராகூட ரெடி. தங்கச்சி?

பிரதீப்புக்கு உடன்பிறப்பு இல்லை. இருப்பது ஒரே ஒரு சித்தப்பா மகள், காயத்ரி. பெங்களூரில் வேலை, ஒரு பையனுக்குத் தாய். அவளுக்கு அம்மா வழியில் கொடுமுடியில் ஒரு பெரியம்மா மகன். அவனும் ஒற்றைப் பிள்ளை. அவனுக்கும் அதே முகூர்த்தம்! "நம்ம காயத்ரி எங்க போயிருவா" என்று இரண்டு வீட்டாரும் அவளைக் கேட்காமலே பத்திரிகை அடித்துவிட்டார்கள். ஜோசியர் ராகு கேது எல்லாம் பார்த்தார். காயத்ரியின் காலண்டரைப் பார்க்கவில்லை.

கொடுமுடிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அங்கே முடித்துவிட்டுத்தான் இங்கே. பொன்னுசாமி வாசலுக்கும் மேடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"அம்மணி வரலீன்னா வீடியோ கால்ல நிக்கச் சொல்லலாமுங்க" என்றார் ஒரு உறவுக்காரர்.

"சேலை முனையப் போனுக்குள்ள நீட்டுவீங்களாக்கும்?" என்றார் சீர் நடத்த வந்த பெரியவர். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்தாச் சரி பொன்னுசாமி. இல்லீன்னா தங்கச்சி இல்லாத சீர்தானுங்க."

பொன்னுசாமியின் முகம் செத்துவிட்டது.

எப்படி இங்கே வந்து நின்றோம்? எங்கள் தலைமுறை ரொம்பப் புத்திசாலி. நிலத்தை நாங்கள் காடு என்போம். "ரெண்டு பெத்தா காடு பிரிஞ்சு போயிருமுங்க" — பொன்னுசாமி இதைப் பெருமையாகச் சொல்லாத டீக்கடை கிடையாது. காடு பிரியவில்லைதான். வீட்டுமனையாகச் சைட் போட்டு முழுசாக விற்றாயிற்று! பிள்ளை போதும் போதும் என்று அன்று சுவரெல்லாம் எழுதினார்கள். இன்று மேடை போட்டு, இன்னும் பெறுங்கள் என்கிறார்கள். பெற வேண்டியவர்களோ இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உலகத்தில் மனிதர்கள் எப்போது குறைவார்கள் என்று நிபுணர்கள் சண்டை போடட்டும். தலைகள் குறைவதற்கு முன்பே முறைகள் குறைந்துவிடுகின்றன. முதலில் அத்தை போவாள். பிறகு சித்தப்பா. கடைசியில் 'மாமா' என்ற சொல், டிராஃபிக் போலீஸிடம் கெஞ்சுவதற்கு மட்டும் மிச்சமிருக்கும்.

கார் ஹாரன்! கொடுமுடிப் பூ வாடாத தலையோடு காயத்ரி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியபடியே சேலை முனையைப் பிடித்தாள். "வந்துட்டியா பாப்பா" என்றான் பிரதீப். கண் கலங்கியிருந்தது. டிரோன் அதைப் பிடிக்கவில்லை. அது வாழைமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

சாப்பிடக்கூட அவளுக்கு நேரமில்லை. கொடுமுடியில் ரிசப்ஷன் காத்திருந்தது. பொன்னுசாமி கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, உம் பையனுக்கு ஒரு தங்கச்சியப் பெத்துக் குடுத்துரு. நாளைக்கு அவன் கல்யாணத்துக்கு ஆரு வந்து நிப்பா?"

காயத்ரி சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினாள்.

"ரெண்டு பெத்தா காடு பிரிஞ்சு போயிருமுங்களே பெரியப்பா... வாரேனுங்க!"